எதனால வந்துச்சு?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எழுதி. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லலாம். உண்மை அது இல்லை. ஒரே விஷயத்தை எழுத உட்கார்ந்து, ரெண்டு பத்தி தட்டி, அழிச்சுட்டு எழுந்து போறதே ஒரு வருஷமா என் வேலையா இருந்துச்சு. இன்னிக்கு என்ன ஆனாலும் போட்டுடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுறவன். கீழே இருக்கிறது டாக்டர்கள்கிட்ட கேட்டதும், ராத்திரி தூக்கம் வராம தேடித் தேடிப் படிச்சதும். வைத்திய ஆலோசனைக்கு டாக்டரைப் பாருங்க. அபிப்பிராயம் மட்டும் என்னோடது, அதைத் தாராளமாத் திட்டலாம்.

எங்க ஊர் போடி. சரியாச் சொன்னா போடிநாயக்கனூர். விடியக்காலை அஞ்சு மணிக்கு ஊரைப் பார்த்திருக்கீங்களா? தூக்குவாளியோட ஆம்பளை பொம்பளையெல்லாம் ஜீப்புக்கு நிப்பாங்க. போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைன்னு கேரளா பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போற கூட்டம். எங்க ஊர்ல "மலைக்குப் போறாரு"ன்னு சொன்னா சாமி கும்பிட இல்லை, கூலி வேலைக்கு. எங்க சித்தப்பாவும் இருபது வருஷமா மலைக்குப் போறவர்தான். முதல்ல கவாத்து, களையெடுப்பு, அப்புறம் மருந்தடிக்கிற வேலை. அதுல கூலி கொஞ்சம் கூட.

அவரோட பையன், என் தம்பி. சித்தி பையன்தான், ஆனாலும் எனக்குத் தம்பின்னா அவன்தான். 2023 அக்டோபர்ல பத்தாவது படிச்சிட்டிருந்தான். ஸ்கூல்ல வாலிபால் விளையாடும்போது முட்டி மடங்கி விழுந்தான். முட்டிக்கு மேல வலி. தீபாவளிக்கு நான் ஊருக்குப் போனப்ப லேசா காலைச் சாய்ச்சு நடந்தான். "அண்ணே, ராத்திரியானா வலிக்குதுண்ணே"ன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரே வருஷத்துல அரை அடி வளர்ந்துட்ட, வளர்ற வயசுல வலிக்கத்தான்டா செய்யும்"னு சொல்லிச் சிரிச்சேன். படிச்ச அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவனும் சிரிச்சான்.

2024 பிப்ரவரி கடைசியில தேனியில ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்க. அதுக்கப்புறம் மதுரை, அதுக்கப்புறம் சென்னை. ஆஸ்டியோசர்கோமா. எலும்புப் புற்றுநோய்.

சென்னை ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்திருந்த ராத்திரியில ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவோட தலைப்புக் கேள்வி. எதனால வந்துச்சு? ஆளுக்கு ஒரு பதில் வெச்சிருந்தாங்க. சித்திக்கு, "அன்னிக்கு விளையாடப் போகாதேன்னு சொல்லியிருந்தா வந்திருக்காது". அப்பத்தாவுக்கு, ஏழரைச் சனி. தெருக்காரங்களுக்கு, நியூட்ரினோ. என் கூட வேலை பார்க்குற ஒருத்தருக்கு, செல்போன் டவர். சித்தப்பா மட்டும் ஒண்ணும் சொல்லலை. ரெண்டு நாள் கழிச்சு டீக்கடையில, டம்ளரைக் கையில பிடிச்சுக்கிட்டே கேட்டாரு: "மருந்தடிச்ச சட்டையோடதான்ப்பா தினமும் அவனைத் தூக்குவேன், சின்னப்புள்ளையில. அதுவா இருக்குமோ?"

என்கிட்ட பதில் இல்லை. அன்னிக்கு ஆரம்பிச்சது என் தேடல்.

சரி, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல இந்த நோய் என்னன்னு. வேற இடத்துல ஆரம்பிச்சு எலும்புக்குப் பரவுற புற்றுநோய் வேற, அது பெரும்பாலும் பெரியவங்களுக்கு வர்றது. எலும்புலேயே பிறக்கிறது ரொம்ப அபூர்வம். சின்னப் பசங்களுக்கு வர்றதுல முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு ஆஸ்டியோசர்கோமா, இன்னொண்ணு ஈவிங் சர்கோமா (1921-ல ஜேம்ஸ் ஈவிங்னு ஒரு டாக்டர் விவரிச்சதால அந்தப் பேர்). ஆஸ்டியோசர்கோமா பெரும்பாலும் 10-லிருந்து 20 வயசுக்குள்ள, அதுவும் மளமளன்னு உயரம் கூடுற பருவத்துல வருது. பாதிக்கு மேல முட்டியைச் சுத்தித்தான்: தொடை எலும்போட கீழ் நுனி, கணுக்கால் பக்கம் போற எலும்போட மேல் நுனி. அடுத்தபடியா தோள்பட்டைக்குக் கீழ இருக்கிற கை எலும்பு. இந்த இடங்கள்லதான் எலும்பு வேகமா வளருது. பையன்களுக்குக் கொஞ்சம் அதிகம். சராசரியை விட உயரமான பசங்களுக்குக் கொஞ்சம் அதிகம்னும் ஆய்வுகள் சொல்லுது.

நம்ம பாஷையில சொன்னா, ஒரு ஃபைலைக் கோடிக்கணக்கான தடவை காப்பி பண்ணிட்டே இருந்தா எங்கேயோ ஒரு காப்பியில பிழை விழும். பெரும்பாலான பிழையை உடம்பே கண்டுபிடிச்சு அழிச்சுடும். எப்பவாவது ஒண்ணு தப்பிக்கும். வேகமா காப்பி ஓடுற இடத்துல தப்பிக்கிற வாய்ப்பு கூட. இதுக்கு யாரும் எதுவும் செஞ்சிருக்க வேண்டியதில்லை. இந்த வாக்கியத்தை ஜீரணிக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

இப்ப குற்றவாளிகள் வரிசை.

அடிபட்டது. இதுல சித்தி தனியா இல்லை. டெர்ரி ஃபாக்ஸ் கேள்விப்பட்டிருப்பீங்க. கனடாக்காரப் பையன். 1976 நவம்பர்ல கார் விபத்துல முட்டியில அடி. 1977-ல, 18 வயசுல, அதே முட்டியில ஆஸ்டியோசர்கோமான்னு தெரிஞ்சு வலது காலை எடுத்தாங்க. விபத்துக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லைன்னு டாக்டர்கள் சொல்லியும், அந்த அடிதான் முட்டியைப் பலவீனமாக்கிச்சுன்னு அவரு நம்பினாராம். 1980-ல செயற்கைக் காலோட கனடாவைக் குறுக்கே ஓட ஆரம்பிச்சு, 143 நாள்ல 5,373 கிலோமீட்டர் ஓடினாரு. நுரையீரலுக்குப் பரவினதால நிறுத்த வேண்டியதாச்சு. 1981 ஜூன்ல, 22 வயசுல போயிட்டாரு. அவருக்கே அப்படித் தோணியிருக்குன்னா போடியில ஒரு அம்மாவுக்குத் தோணாதா? அடி நோயை உண்டாக்கினதுக்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே உள்ள இருக்கிற கட்டியை நம்ம கவனத்துக்குக் கொண்டு வர்றதுதான் அடி. சொல்லப்போனா, கட்டி எலும்பை அரிச்சு வெச்சிருக்கிறதாலதான் சின்ன அடிக்கே பெருசா வலிக்குது, சில பேருக்கு முறிஞ்சே போகுது.

கதிர்வீச்சு. இது நிரூபணமான குற்றவாளி. 1920-கள்ல அமெரிக்காவுல நியூ ஜெர்சியில, இருட்டுல மின்னுற கடிகார முகப்புக்கு ரேடியம் பூசுற வேலையில இளம் பெண்கள் இருந்தாங்க. பிரஷ் முனையை உதட்டுல வெச்சுக் கூராக்கச் சொல்லியிருந்தாங்க. உள்ள போன ரேடியத்தை உடம்பு கால்சியம்னு நினைச்சு எலும்புல சேர்த்து வெச்சுக்கிச்சு. தாடை எலும்பு உதிர்ந்துச்சு, பல பேருக்கு எலும்புப் புற்றுநோய் வந்துச்சு. அதே மாதிரி, வேற புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்த குழந்தைகளுக்கு, பல வருஷம் கழிச்சு அந்த இடத்து எலும்புல வர்ற வாய்ப்பு கூடுது. அதனால அந்தச் சிகிச்சை வேண்டாம்னு அர்த்தம் இல்லை, அதுதான் அந்த உயிரைக் காப்பாத்துறது. பின்னாடி கண்காணிக்கணும், அவ்வளவுதான்.

செல்போன் டவரோட அலைக்கு டி.என்.ஏ.வை நேரடியா உடைக்கிற சக்தி கிடையாது. அதையும் ரேடியத்தையும் "கதிர்வீச்சு"ங்கிற ஒரே சொல்லுல போட்டு நாமளே குழப்பிக்கிறோம்.

மண்ணுல இருக்கிற கதிர்வீச்சு? நமக்குப் பக்கத்துலேயே இருக்கு சோதனைச்சாலை. கேரளாவுல கருநாகப்பள்ளி கடற்கரை மணல்ல மோனசைட் இருக்கிறதால இயற்கைக் கதிர்வீச்சு மத்த இடங்களை விட ரொம்ப அதிகம். அங்க கிட்டத்தட்ட 70,000 பேரை சராசரியா பத்து வருஷத்துக்கு மேல தொடர்ந்து கவனிச்சு, 2009-ல முடிவை வெளியிட்டாங்க. அதனால புற்றுநோய் கூடினதா தெரியலை.

நியூட்ரினோ. எங்க ஊர்க்காரங்க மன்னிக்கணும். பொட்டிப்புரம் மலையில நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. மலைக்குள்ள சுமார் ரெண்டு கிலோமீட்டர் சுரங்கம், 50,000 டன் இரும்புக் கருவின்னு திட்டம். வழக்கு, போராட்டம், பசுமைத் தீர்ப்பாயம்னு போய், 2022-ல தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்துல எதிர்ப்பைச் சொல்லிடுச்சு. கட்டவே இல்லாத ஆய்வகத்துனால யாருக்கும் நோய் வர முடியாது, அது முதல் விஷயம். ரெண்டாவது, சூரியன்லேருந்து வர்ற நியூட்ரினோ நம்ம உடம்போட ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாவும் ஒரு நொடிக்கு 6,000 கோடிக்கு மேல போயிட்டே இருக்கு. எதையும் தொடாம போகுது. தொடாததாலதான் அதைப் பிடிக்க அவ்வளவு பெரிய இரும்பு வேண்டியிருக்கு.

அதுக்காக அந்தத் திட்டத்தை எதிர்த்தவங்க எல்லாரும் முட்டாள்னு நான் சொல்லலை. மலையை வெடி வெச்சுக் குடையறது, தண்ணி, மதிகெட்டான் பக்கத்துக் காடு, புலி நடமாட்டம்னு நியாயமான கேள்விகள் இருக்கு. நியாயமான கேள்வி கையில இருக்கும்போது பொய்யான கேன்சர் பயத்தைக் கிளப்பினா, நியாயமும் சேர்ந்து பலமிழந்து போகும்ங்கிறதுதான் என் வருத்தம்.

ஃப்ளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நண்பர்கள் அடிக்கடி கேட்குறது. 1990-ல எலிகள் மேல நடந்த ஒரு அமெரிக்கச் சோதனையில லேசா ஒரு சந்தேகம் வந்துச்சு. 2006-ல ஒரு ஆய்வு பையன்களுக்குத் தொடர்பு இருக்கலாம்னு சொல்லிச்சு. 2011-ல எலும்புலேயே ஃப்ளோரைடை அளந்து பார்த்த ஆய்வுல தொடர்பு தெரியலை. ஆக, பல்லையும் எலும்பையும் ஃப்ளோரைடு கெடுக்கும்ங்கிறது உறுதி, புற்றுநோய்ங்கிறது உறுதிப்படலை.

பரம்பரை. இது நிஜம், ஆனா நாம நினைக்கிற மாதிரி இல்லை. லி-ஃப்ராமெனின்னு ஒரு பரம்பரைக் கோளாறு. அதுல ஒரே குடும்பத்துல சின்ன வயசுலேயே விதவிதமான புற்றுநோய் வரும். குழந்தைகளுக்குக் கண்ல வர்ற ரெட்டினோபிளாஸ்டோமாவுல பரம்பரையா வர்ற வகை இருந்தா, பின்னாடி எலும்புல வர்ற வாய்ப்பு ரொம்பக் கூட. 2020-ல வெளியான ஒரு ஆய்வுல, ஆஸ்டியோசர்கோமா வந்த 1,244 பேர்ல கால் பங்குக்குக் கொஞ்சம் மேல, பிறவியிலேயே ஏதோ ஒரு புற்றுநோய் சார்ந்த மரபணுவுல மாற்றம் இருந்துச்சு. மீதிப் பேருக்கு அதுவும் இல்லை. ஈவிங் சர்கோமாவுல ரெண்டு மரபணு தப்பா ஒட்டிக்கிறதுதான் காரணம், ஆனா அது பரம்பரையா வர்றதில்லை, அந்த ஒரு செல்லுல நடக்கிற விபத்து. ஆகவே "உங்க வம்சத்துல யாருக்கு இருந்துச்சு?"ன்னு ஆஸ்பத்திரி வராந்தாவுல மருமகளைக் குறுக்கு விசாரணை பண்ற மாமியார்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் கேள்வியை டாக்டர் கேட்கட்டும்.

பூச்சி மருந்து. இதைக் கடைசியா வெச்சதுக்குக் காரணம் சித்தப்பா.

ஏலம், அதிகமா மருந்து குடிக்கிற பயிர்கள்ல ஒண்ணு. பேன், தண்டு துளைப்பான்னு வருஷம் பூரா ஏதாவது அடிச்சுட்டே இருப்பாங்க. காசர்கோட்டுல முந்திரித் தோட்டத்து மேல ஹெலிகாப்டர்ல எண்டோசல்பான் தெளிச்சு, அந்த ஊர்கள்ல குழந்தைகளுக்கு என்னென்ன ஆச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். 2011 மே மாசம் உச்ச நீதிமன்றம் அதுக்குத் தடை போட்டுச்சு. 2015-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மாலத்தியான், டயசினான் ரெண்டையும் "மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்"கிற பட்டியல்ல சேர்த்துச்சு. ஆனா அங்க பேசப்பட்டது நிணநீர், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய்கள். எலும்பு இல்லை. அப்பா அம்மா விவசாய வேலை பார்த்தா குழந்தைக்கு ஈவிங் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடலாம்னு சில ஆய்வுகள் சொல்லுது, எல்லா ஆய்வும் ஒத்துக்கலை. என் தம்பிக்கு வந்தது ஈவிங்கும் இல்லை.

அதனால சித்தப்பாகிட்ட என்னால நேர்மையாச் சொல்ல முடிஞ்சது இதுதான்: "சட்டையாலதான் வந்துச்சுன்னு சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை சித்தப்பா. எலும்புப் புற்றுநோய்க்குத் தெரிஞ்ச காரணங்கள் பட்டியல்ல இது இல்லை." அவரு கேட்க நினைச்சது "சத்தியமா இல்லை"ங்கிற வார்த்தை. அதை விஞ்ஞானம் யாருக்கும் கொடுக்காது. அவரு தலையை மட்டும் ஆட்டினாரு.

அப்ப மருந்தடிக்கிறது பரவாயில்லையான்னு யாரும் பின்னூட்டத்துல குதிக்க வேண்டாம். பரவாயில்லைன்னு நான் சொல்லலை. முகமூடி, கையுறை இல்லாம மருந்தடிச்சுட்டு வாந்தி, தலைசுத்தல்னு இறங்கி வர்றவங்களை நானே பார்த்திருக்கேன். மருந்து எச்சம் கூடுதலா இருக்குன்னு சவுதி நம்ம ஊர் ஏலக்காயைத் திருப்பி அனுப்பினதுண்டு. காயை லேப்ல பார்க்குறாங்க. மருந்தடிக்கிற ஆளோட ரத்தத்தை எந்த லேப்ல பார்க்குறாங்க? இந்தக் கேள்வி கேட்க என் தம்பியோட நோய் ஆதாரமாத் தேவையே இல்லை. அது தன் காலுலேயே நிக்கிற கேள்வி.

நிற்க. இங்கதான் எனக்குள்ள இருக்கிற எஞ்சினியர் கால்குலேட்டரை எடுத்தான்.

"எங்க பக்கம் இப்பல்லாம் நிறையப் பேருக்கு வருது, ஏதோ இருக்கு"ன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆஸ்டியோசர்கோமா, 20 வயசுக்குக் கீழ உள்ளவங்கள்ல வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்குச் சுமாரா நாலு பேருக்கு வரும்னு உலக அளவுல சொல்றாங்க. தேனி மாவட்டத்தோட மக்கள்தொகை 2011 கணக்குப்படி 12.45 லட்சம். அதுல மூணுல ஒரு பங்கு 20 வயசுக்குக் கீழன்னு வெச்சா நாலு லட்சத்துச் சொச்சம். ஆக, மாவட்டம் பூராவுக்கும் வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு பேர்.

இப்ப இதைப் பாய்சான் கணக்குல போடுங்க (கல்லூரியில மூணாவது செமஸ்டர்ல தூங்கினவங்க எல்லாம் கூகிளாண்டவரைக் கேட்டுக்கோங்க). எந்தக் காரணமும் இல்லாம, வெறும் குலுக்கல்லேயே, அஞ்சாறு வருஷத்துல ஒரு வருஷம் யாருக்குமே வராது. பத்துப் பதினோரு வருஷத்துல ஒரு வருஷம் நாலு பேருக்கோ அதுக்கு மேலயோ வரும். அந்த வருஷம் ஊரே "ஏதோ இருக்கு"ன்னு பேசும். யாருக்கும் வராத வருஷத்தைப் பத்தி யாரு பேசுவா?

அதனால ஒண்ணுமே இல்லைன்னு நான் முடிவு கட்டலை. சந்தேகம் இருந்தா எண்ணிப் பார்க்கணும். சென்னையில 1980-களோட ஆரம்பத்திலேருந்து புற்றுநோய்ப் பதிவேடு இருக்கு, பிறகு மாநிலம் முழுக்க விரிவாக்கினாங்க. மலைக்குப் போற ஊர்களை மட்டும் தனியாப் பிரிச்சு, எல்லா வகைப் புற்றுநோயையும் எண்ணுங்கன்னு கேட்கலாம். டீக்கடைக் கணக்கை விட அது எவ்வளவோ மேல். வந்தது அதிகமா குறைவான்னு தெரிஞ்சுக்கிற உரிமை அந்த ஜீப்புல ஏறுற ஒவ்வொருத்தருக்கும் இருக்கு.

சரி, இவ்வளவு தேடி நான் வந்து சேர்ந்த இடம் என்ன?

காரணம் தேடி நான் படிச்ச ஒவ்வொரு கட்டுரையும் ஒரே மாதிரிதான் முடிஞ்சது: பெரும்பாலானவங்களுக்கு ஏன் வந்துச்சுன்னு தெரியாது. உணவை மாத்தினா, பழக்கத்தை மாத்தினா தடுத்துடலாம்ங்கிற வகையே இல்லை இது. பீடி சிகரெட் மாதிரி ஒரு வில்லன் இங்க இல்லை. "எதனால வந்துச்சு?"ங்கிற கேள்விக்கு இன்னிய தேதிக்கு மனுஷன் கையில பதில் கம்மி. ஆனா "எதனால இவ்வளவு லேட்டாத் தெரிஞ்சுச்சு?"ங்கிற கேள்விக்கு முழுப் பதிலும் எங்ககிட்ட இருந்துச்சு. அதை யாரும் கேட்கலை. ஏன்னா அந்தப் பதில்ல நாங்க எல்லாரும் இருந்தோம்.

அக்டோபர்ல விழுந்தான். கட்டு வைத்தியர்கிட்ட போய் மூங்கில் பத்தை வெச்சுக் கட்டினாங்க, மூணு வாரம். கட்டைப் பிரிச்சும் வலி போகலை, எண்ணெய் போட்டு நீவினாங்க. நவம்பர்ல நான் சொன்ன அருள்வாக்கு. டிசம்பர்ல மெடிக்கல் ஷாப்புல கேட்டு வாங்கின வலி மாத்திரை. ஜனவரியில ஒரு கிளினிக்ல கால்சியம் கம்மின்னு மாத்திரை. முட்டிக்கு மேல வீக்கம் வந்து, பேண்ட் இறுக்கமாகி, அப்புறம்தான் எக்ஸ்ரே. நாலரை மாசம். ஒரு எக்ஸ்ரேவுக்கு ஆகியிருக்கக் கூடியது சில நூறு ரூபாய்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. நுரையீரலுக்குப் பரவுறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா, கீமோவும் ஆபரேஷனும் சேர்ந்து பத்துல ஆறு ஏழு பேர் அஞ்சு வருஷம் தாண்டி இருக்காங்க. பரவின பிறகுன்னா அது பத்துல ரெண்டு மூணாக் குறையுது. 1970-களுக்கு முன்னாடி, காலை மட்டும் எடுத்த காலத்துல, அஞ்சுல ஒருத்தர் பிழைச்சாலே பெருசு. டெர்ரி ஃபாக்ஸ்கிட்டயே, ரெண்டு வருஷம் முன்னாடின்னா 15 சதவீதம், இப்ப 50 சதவீத வாய்ப்புன்னு சொன்னாங்களாம். மருந்து அவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கு. நாமதான் கட்டுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்.

காலை எடுத்தே ஆகணும்ங்கிற பயமும் லேட்டுக்கு ஒரு காரணம். இப்ப நிறையப் பேருக்கு, கட்டி இருக்கிற எலும்பை மட்டும் எடுத்துட்டு உலோகத்துல செஞ்ச மூட்டை வெச்சு காலைக் காப்பாத்துறாங்க. சென்னையில டாக்டர் மயில்வாகனன் நடராஜன் போன்றவங்க பல வருஷமா இதைச் செஞ்சு காட்டியிருக்காங்க. ஆனா கட்டி நரம்பு, ரத்தக்குழாயையெல்லாம் சுத்தி வளைக்கிறதுக்கு முன்னாடி போனாத்தான் அந்த வாய்ப்பு நல்லா இருக்கும்.

கட்டு வைத்தியர்களைத் திட்டுறது என் நோக்கம் இல்லை. எங்க தாத்தாவோட கையைச் சேர்த்து வெச்சவரே ஒரு கட்டு வைத்தியர்தான். ஆனா படம் எடுக்காம கட்டுப் போடக்கூடாது. கட்டி இருக்கிற இடத்தை அழுத்தி நீவக்கூடாது. இவ்வளவுதான் என் கட்சி.

பதிவை இதுவரைக்கும் படிச்சவங்க இந்த ஒரு பத்தியை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. வளர்ச்சி வலின்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு. அது பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கு, ரெண்டு கால்லயும், சாயங்காலமோ ராத்திரியோ வரும், காலையில போயிடும், குழந்தை ஓடி ஆடும். அதுக்கு மாறா, ஒரே இடத்துல, ஒரே பக்கம், ரெண்டு மூணு வாரத்துக்கு மேல விடாம வலிச்சா, ராத்திரி தூக்கத்துலேருந்து எழுப்பினா, வீக்கம் தெரிஞ்சா, நொண்டினா, சின்ன அடிக்கே எலும்பு முறிஞ்சா, எக்ஸ்ரே எடுங்க. நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது பேருக்கு வேற ஏதோ சாதாரண விஷயமாத்தான் இருக்கும். இருக்கட்டுமே. எக்ஸ்ரே சரியா இருந்தும் வலி நிக்கலைன்னா, திரும்பப் போய் எம்.ஆர்.ஐ. வேணுமான்னு கேளுங்க. எக்ஸ்ரேவுல சந்தேகம்னா, சதை எடுத்துச் சோதிக்கிற பயாப்ஸியை அவசரப்பட்டு எங்கேயாவது செய்யாம, ஆபரேஷனும் செய்யப் போற பெரிய இடத்துலேயே செய்யச் சொல்றாங்க. தப்பான இடத்துல கத்தி வெச்சா, காலைக் காப்பாத்துற வாய்ப்பே போயிடலாமாம்.

பணம்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-லேருந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்குற இடம். 2023 ஜூன்லேருந்து எங்க ஊருக்கு மறுபடி ரயிலும் வருது, சென்னை வரைக்கும். மீட்டர்கேஜை எடுத்துட்டுப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல காத்திருந்தோம். அந்த ரயில்ல நான் முதல் தடவை ஏறினது தம்பியோட செக்கப்புக்கு.

ஸ்கூல் பி.டி. வாத்தியார்களுக்கும் ஒரு வார்த்தை. முட்டி வலின்னு ஒரு பையன் ஒரு மாசமா கிரவுண்டுக்கு வராம இருந்தா அதை முதல்ல கவனிக்கக் கூடியவங்க நீங்கதான். "டபாய்க்கிறான்"னு விட்டுடாதீங்க சார்.

தம்பி இப்ப எப்படி இருக்கான்னு கேட்பீங்க. கீமோ, ஆபரேஷன், திரும்பக் கீமோ. முடி கொட்டி, வாய்ப்புண்ணு வந்து, பரோட்டாவைப் பார்த்தாலே குமட்டுதுன்னு சொன்ன நாளெல்லாம் போயிடுச்சு. தொடைக்குள்ள உலோகம் இருக்கு. நடக்கிறான், வாலிபால் கிடையாது. பத்தாவதை ஒரு வருஷம் தள்ளி எழுதிப் பாஸ் பண்ணிட்டான். சில மாசத்துக்கு ஒரு தடவை நெஞ்சை ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும். ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்ல யாரும் சரியாச் சாப்பிடுறதில்லை. லேட்டானதால என்ன வித்தியாசம் வந்துச்சுன்னு ஒருநாள் டாக்டர்கிட்ட கேட்டேன். "அதை இப்ப ஏன் கேட்குறீங்க? அவனுக்கு என்ன செய்யணுமோ அதைப் பார்ப்போம்"னாரு. அதுல இருந்த கருணை எனக்குப் புரிஞ்சுது. பதிலும் புரிஞ்சுது.

போன தடவை ஊருக்குப் போனப்ப சித்தப்பாகிட்ட நானே சொன்னேன், அந்த தீபாவளி ராத்திரி அவன்கிட்ட நான் என்ன சொன்னேன்னு. சட்டை காரணமான்னு அவரு கேட்டப்பவே இதைச் சொல்லியிருக்கணும். கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம், "உனக்கு என்னப்பா தெரியும் அப்ப"ன்னாரு. நானும் அதையேதான் அவருக்குச் சொன்னேன்.

அவரு இப்பவும் மலைக்குப் போறாரு. மருந்தடிக்கப் போறதில்லை, காய் எடுக்கப் போறாரு. கூலி கொஞ்சம் கம்மி. வீட்டுக்கு வந்ததும் வாசல்லேயே சட்டையைக் கழட்டி வாளியில போட்டுட்டுத்தான் உள்ள வர்றாரு. இனிமே தூக்குறதுக்கு வீட்ல சின்னப்புள்ள யாரும் இல்லை.

உங்க வீட்டுல, பக்கத்து வீட்டுல முட்டி வலின்னு எந்தப் பையனாவது பொண்ணாவது ரெண்டு மூணு வாரமா சொல்லிட்டிருந்தா, இந்தப் பதிவை மூடிட்டு முதல்ல அதைக் கவனிங்க. பின்னூட்டம் அப்புறம் போட்டுக்கலாம்.